என் வாக்குமூலத்தில் "நான்" இல்லையாம், அதனால் பொய்யாம். இதை நம்பலாமா?

பாத்திரக்கடை எழுதியது:

வணக்கம். பாரிமுனைப் பக்கம் ஒரு எவர்சில்வர் பாத்திர மொத்தக் கடையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கல்லாவும் என் பொறுப்புதான். போன மாதம் ஒரு வியாழக்கிழமை கணக்கு முடிக்கும்போது 1,45,000 ரூபாய் குறைந்தது. முதலாளி போலீசுக்குப் போகவில்லை. போனால் கணக்குப் புத்தகத்தை எல்லாம் எடுத்துக் காட்ட வேண்டிவரும் என்று அவருக்கு அவருடைய கவலை. பதிலாக, துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவந்தார்.

வந்தவர் யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சேல்ஸ்மேன் இரண்டு பேர், குடோன் பையன், நான் என்று நாலு பேரையும் கடையின் நாலு மூலையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், ஒரு நீலப் பேனா. "வியாழக்கிழமை காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் நடந்ததை எழுதுங்கள்" என்றார், அவ்வளவுதான். அரை மணி கழித்து வாங்கிக்கொண்டு போய் முதலாளி ரூமில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். மற்றவர்கள் தாளில் இரண்டு மூன்று வட்டம். என் தாள் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

நான் எழுதியது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது:

"காலை 5.30க்கு எழுந்தேன். சமையல் முடித்து, மகனுக்குக் காய்ச்சல் என்பதால் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். 9.40க்குக் கடை திறந்தோம். முதல் நாள் இருப்பை எண்ணி வைத்தேன். 1 மணி வரை நல்ல கூட்டம். சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பேங்க் சலான் எழுதினேன். 4.45க்கு அண்ணாச்சி வெளியே கிளம்பினார். 7 மணிக்கு முதலாளி வந்து கேட்டபோதுதான் பணம் குறைவது தெரிந்தது. எந்த நேரத்தில் குறைந்தது என்று ஞாபகம் இல்லை."

இதில் 4.45க்கு முன்னால் 4.15 என்று எழுதி அடித்திருந்தேன்.

இனி அவர் சொன்னது. முழுத் தாளிலும் "நான்" என்ற சொல்லே இல்லை, அதாவது நடந்ததிலிருந்து என்னை நானே ஒதுக்கி நிறுத்திக்கொள்கிறேன். "அப்புறம்" வந்த இடத்தில் எதையோ தாண்டிவிட்டேன். ஒரே ஆளை ஒரு வரியில் அண்ணாச்சி என்கிறேன், அடுத்த வரியில் முதலாளி என்கிறேன், இடையில் அவர்மேல் இருந்த மரியாதை மாறியிருக்கிறது. நேரத்தை அடித்தது பொய்யைத் திருத்தியது. ஞாபகம் இல்லை என்பது ஒளிப்பது. காலையில் நடந்ததைப் பத்தி பத்தியாக எழுதிவிட்டுப் பணம் குறைந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, "நான் எடுக்கவில்லை" என்று எங்கேயும் எழுதவில்லை.

ஐயா, அண்ணாச்சியும் முதலாளியும் ஒருவரேதான். கடையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், வாய்க்கு எது வருகிறதோ அது.

இது வெளிநாட்டுப் போலீஸ் பயன்படுத்தும் "ஸ்கேன்" என்ற முறை, தான் அதற்குப் பயிற்சி எடுத்தவன் என்கிறார். இப்போது இன்னொரு தாள் டைப் செய்து வைத்திருக்கிறார்கள். "மேற்படி பணம் குறைந்ததற்கு என் கவனக்குறைவே காரணம், தவணையில் செலுத்துகிறேன்" என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். திங்கள்கிழமை வரை டைம்.

இப்படி எழுத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா? நம் ஊர் போலீஸும் இப்படித்தான் செய்கிறதா? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாதே என்கிறார், அம்மா வேலை போய்விடுமே என்கிறார். தூக்கமே வரவில்லை.

---

சும்மா_சொல்றேன் எழுதியது:

பொய் சொல்கிறவர்களுக்குக் கை நடுங்கும், எழுத்தில் தெரிந்துவிடும். எங்கள் மாமா போலீஸில் இருந்தவர், ஆளை ஒரு பார்வை பார்த்தாலே போதும் என்பார். நீங்கள் எடுக்கவில்லை என்றால் ஏன் பயப்படுகிறீர்கள்?

---

ஆராய்ச்சி_மாணவி எழுதியது:

மேலே சொன்னவருக்கு முதலில். "ஒரு பார்வை போதும்" என்கிற நம்பிக்கையை நிறையப் பேர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டினார்கள். மொத்தம் 24,483 பேர் பொய்யா மெய்யா என்று தீர்ப்புச் சொன்ன கணக்கு அது. சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அதிலும் பொய்யைப் பொய் என்று பிடித்தது 47 சதவீதம்தான்.

இப்போது உங்கள் "ஸ்கேன்". இதை உருவாக்கியவர் அவினோவாம் சபீர், இஸ்ரேல் போலீஸில் பாலிகிராஃப், அதாவது பொய் கண்டறியும் கருவிச் சோதனை, பார்த்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய் 1987இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பயிற்சி நிறுவனம் தொடங்கினார். முறை நீங்கள் சொன்னதேதான்: கேள்வி கேட்காமல் ஆளையே எழுத விட்டு, பிறகு சொல் சொல்லாகப் பார்ப்பது. "நான்" போன்ற பிரதிப்பெயர் விட்டுப்போகிறதா, வினைச்சொல்லின் காலம் மாறுகிறதா, ஒருவருக்கு வைத்த பெயர் மாறுகிறதா, அடித்தல் திருத்தல் உண்டா, நேரடியான மறுப்பு உண்டா. சம்பவத்துக்கு முன்னால் 20 சதவீதம், சம்பவம் 50, அதற்குப் பின்னால் 30 என்று ஒரு அளவுகூட உண்டு. உங்கள் காலைக் காய்ச்சல் கதை நீளமாகிவிட்டது என்று அவர் சொன்னது இதை வைத்துத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காலை நீளமாகத்தானே இருக்கும்!

இதைச் சோதித்தவர்கள் என்ன கண்டார்கள்? கலித் நஹாரியும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், உண்மை எழுதியவர்களையும் பொய் எழுதியவர்களையும் ஸ்கேன் குருட்டு அதிர்ஷ்டத்தைவிட மேலாகப் பிரிக்கவில்லை. 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ., ராணுவத் துறை மூன்றும் சேர்ந்து அமைத்த அமெரிக்க விசாரணைக் குழு அதே 2016இல் விசாரணை முறைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்தது. அந்தத் தொகுப்பும் ஸ்கேனுக்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. அப்படியும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, ஆட்களும் போகிறார்கள்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. ஜெர்மனியில் உடோ உண்டாய்ச் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த மரபு ஒன்று இருக்கிறது. பாலியல் வழக்குகளில் குழந்தைகளின் வாக்குமூலத்தை மதிப்பிட வந்தது. பிறகு அது 19 அளவுகோல்களாக வளர்ந்தது, ஜெர்மன் நீதிமன்றங்களில் நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த 19இல், தானாகத் திருத்திக்கொள்வதும், "ஞாபகம் இல்லை" என்று ஒப்புக்கொள்வதும் உண்மைக்கான அடையாளங்கள். கதை கட்டுகிறவன் தன் கதையில் ஓட்டை தெரிவதை விரும்ப மாட்டான் என்பது அவர்கள் வாதம். அதே அடித்தலும் அதே ஞாபகமின்மையும் ஸ்கேனில் பொய்க்கு அடையாளம்! உங்கள் 4.15, 4.45ஐ ஜெர்மனியில் காட்டினால் உங்கள் பக்கம், இங்கே காட்டினால் எதிர்ப்பக்கம். அந்த ஜெர்மன் முறையும் ஆய்வுக்கூடத்தில் சுமார் 70 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறது. அதை வைத்து ஒருவர் வேலையைப் பறிக்க முடியாது.

"நான்" விஷயம். பொய் எழுதுபவர்கள் தன்மைப் பெயரைக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2003இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது உண்மை. ஆனால் அது ஆங்கிலம். அங்கே எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் "எழுந்தேன்" என்றாலே எழுந்தது யார் என்று தெரிந்துவிடும். உங்கள் பத்தியில் எழுந்தேன், வந்தேன், வைத்தேன், எழுதினேன் என்று வரிக்கு வரி நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவர் தேடியது வேறு மொழியில் இருக்கிற ஒன்று.

---

பழைய_ரைட்டர் எழுதியது:

அம்மா, நான் சென்னையில் நாலைந்து ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவன். எஸ்.எஸ்.ஐ. ஆகி ரிட்டயரானேன். நம் ஊர் போலீஸ் எப்படிச் செய்கிறது என்று கேட்டீர்கள். அதை நான் சொல்கிறேன். ஆராய்ச்சி எல்லாம் அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

வாக்குமூலத்தின் சொற்களை வைத்துப் பொய் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது என் ஸ்டேஷனுக்கு வந்திருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். காரணம், அந்தச் சொற்கள் முக்கால்வாசி என்னுடையவை.

விசாரணை அதிகாரி கேட்பார், எதிரே இருப்பவர் பேசுவார், நான் எழுதுவேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கார்பன் வைத்து அழுத்தி எழுதின காலம். நடுவிரலில் இன்றைக்கும் காய்ப்பு இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அழுவார், நடுவில் டீ கேட்பார், மாமியார் கதைக்குப் போவார், திரும்பி வருவார். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "நான் மேற்கண்ட விலாசத்தில் எனது குடும்பத்தாருடன் குடியிருந்து வருகிறேன். நான் கூலி வேலை செய்து வருகிறேன்." கடைசியில் "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது." கொத்தனார் சொன்னாலும் காலேஜ் புரொபசர் சொன்னாலும் இதே நடைதான். வரிக்கு வரி "நான்" இருக்கும். உங்கள் துப்பறியும் ஆள் பார்த்தால் சென்னையில் அத்தனை பேரும் அரிச்சந்திரன் என்று சர்டிபிகேட் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று சொன்னால் என் பழைய சகாக்கள் கோபித்துக்கொள்வார்கள். தெருச் சண்டை புகார் எதை எடுத்தாலும் "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்" என்று இருக்கும். அந்த மூன்றும் அந்தந்த வரிசையில் வருவது ஏன் தெரியுமா? பழைய ஐ.பி.சி.யில், அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தில், 294(பி), 323, 506 என்று மூன்று பிரிவு. வாக்கியம் அந்தப் பிரிவுகளுக்குத் தைத்த சட்டை. அடி வாங்கியவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார். இதில் எந்தச் சொல்லுக்கு வட்டம் போடுவது?

என் கையால் நடந்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டி. விடியற்காலை பூ வாங்கப் போகும்போது இரண்டு பவுன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான்கள். கழுத்தில் சிவப்புக் கோடு, கையில் இன்னும் பூக்கூடை. "கறுப்பா ஒருத்தன்யா, பின்னாடி உக்காந்துனு வந்தான், பல்சர் சத்தம் கேட்டுச்சு" என்றார். அன்றைக்கு எனக்கு ராத்திரி டூட்டி முடியும் நேரம். "கறுப்பு நிற பல்சர் இரு சக்கர வாகனத்தில் வந்த அடையாளம் தெரியாத இரு நபர்கள்" என்று எழுதினேன். ஆளின் நிறம் வண்டிக்குப் போய்விட்டது. படித்துக் காட்டினேன், தலையாட்டினார், கைநாட்டு வைத்தார். காது மந்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆள் பிடிபட்டான். வண்டி நீலம். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "போலீஸிடம் கறுப்பு வண்டி என்று சொன்னீர்கள், இப்போது நீலம் என்கிறீர்கள், எது பொய்?" என்று கேட்டார். பாட்டி, "நான் வண்டி கலரே சொல்லலையே சாமி" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் தாளில் இருந்தது அவர் கைநாட்டு. குறுக்கு விசாரணை முடிவதற்குள் அந்தக் கிழவியைப் புளுகுணி ஆக்கிவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை ஆனான். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்வரிசையில் யூனிபார்மில் நின்றிருந்த எனக்கு, எழுந்து போய் "ஐயா, அந்தக் கறுப்பு என்னுடையது" என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

சரி, அப்போது பொய்யைப் பிடிக்கவே முடியாதா என்றால், பிடித்திருக்கிறோம். ஆனால் இலக்கணத்தில் இல்லை.

2012இல் சென்னையில் தினமும் பகலில் 2 மணி நேரம் கரண்ட் கட் இருந்தது நினைவிருக்கும். ஏரியாவுக்கு ஏரியா நேரம் மாறும். அந்த வருடம் ஒரு வீட்டில் நகை போனது. சந்தேகம் உறவுக்காரப் பையன் மேல். படித்த பையன், "நானே எழுதித் தருகிறேன் சார்" என்று வாங்கி எழுதினான். இரண்டு பக்கம், முத்து முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. வரிக்கு வரி "நான்". நேரம் எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தான். "நான் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவன்" என்று இரண்டு இடத்தில் மறுப்பு வேறு. உங்கள் ஆள் பார்த்திருந்தால் கைகொடுத்து அனுப்பியிருப்பார். அதில் "பகல் 2 மணி முதல் 4 மணி வரை நான் வீட்டில் டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று இருந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. என்னிடம் திரும்பி, "அந்தத் தெருவுக்கு கட் எப்போய்யா?" என்றார். மின்வாரிய ஆபீசுக்கு போன் போட்டேன். 2 முதல் 4. இன்ஸ்பெக்டர் பையனிடம், "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார். அவனுக்கு வியர்த்தது. அரை மணியில் நகை எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

அவன் எழுதிய இரண்டு பக்கத்தில் எங்களுக்கு உதவியது அந்த ஒரு வரி. அதுவும் அதில் போய்ப் பார்க்கக்கூடிய விஷயம் ஒன்று இருந்ததால்தான்.

அதனால் உங்கள் தாளையே எடுத்துக்கொள்வோம். நான் விசாரித்தால் "அப்புறம்" எனக்கு எதற்கு? பேசுகிற தமிழில் அப்புறம் இல்லாமல் யார் கதை சொல்கிறார்கள்? நான் கேட்பது இது. சலான் எத்தனை ரூபாய்க்கு எழுதினீர்கள்? சலானின் அடிக்கட்டை இருக்குமே. காலையில் எண்ணி வைத்த இருப்பு எந்த நோட்டில், எத்தனை 500, எத்தனை 200? சாப்பிடப் போனபோது கல்லாச் சாவி யாரிடம்? 4.45க்கு வெளியே கிளம்பிய உங்கள் அண்ணாச்சி வெறும் கையோடு போனாரா? 4.15ஐ ஏன் 4.45 ஆக்கினீர்கள், எதைப் பார்த்து ஞாபகம் வந்தது? அன்றைய பில் புத்தகம், வவுச்சர் கட்டு, கேமரா இருந்தால் அது. இவ்வளவும் கடைக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆள் இதில் ஒன்றையாவது தொட்டாரா?

---

ஆராய்ச்சி_மாணவி எழுதியது:

ரைட்டர் ஐயா சொன்ன கரண்ட் கட் கதைக்கு ஆராய்ச்சியில் ஒரு உறவுக்காரன் உண்டு. அதே நஹாரி குழுதான் 2014இல் எழுதினார்கள்: பொய் சொல்பவர் விவரங்களைக் கொடுப்பார், ஆனால் போய்ச் சரிபார்க்கக்கூடிய விவரங்களைத் தவிர்ப்பார். உங்கள் பையன் தவிர்க்கத் தெரியாதவன் போலிருக்கிறது.

---

எழும்பூர்_வக்கீல் எழுதியது:

சகோதரிக்கு, திங்கள்கிழமைக்கு முன்னால் இதைப் படியுங்கள். அந்த இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதுதான் முக்கியம், மீதியெல்லாம் விளக்கம்.

போலீஸ் உங்களை விசாரித்திருந்தால் சட்டம் உங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 180ஆம் பிரிவின்படி போலீஸ் சாட்சியை விசாரிக்கிறது. 181இன்படி அப்படி எழுதிய வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தையே வாங்கக் கூடாது. கோர்ட்டில் அதைப் பெரும்பாலும் சாட்சி முரண்படுகிறாரா என்று காட்டத்தான் பயன்படுத்தலாம். பழைய சட்டத்தில் இவை 161, 162. ரைட்டர் ஐயா சொன்ன பாட்டி கைநாட்டு வைத்தது புகார் மனுவில், அது வேறு கணக்கு. உங்களையே குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெண் என்பதால் பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவின்படி சாட்சி விசாரணைக்கு உங்களை வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லவும் முடியாது, நீங்களாகச் சம்மதித்தால் ஒழிய.

இப்போது கவனியுங்கள். இந்த வேலி போலீஸுக்கு மட்டும்தான். தனியார் ஆளிடமோ முதலாளியிடமோ நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நாளைக்கு அவர்கள் போலீசுக்குப் போனால் "அவரே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார்" என்று அதைத் தூக்கிக் காட்டுவார்கள். மிரட்டி வாங்கியது, ஆசை காட்டி வாங்கியது என்று நாம் வாதாடலாம், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை வருடக்கணக்கில் இழுக்க வேண்டிவரும். "கவனக்குறைவு" என்று மென்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஏமாறாதீர்கள். "தவணையில் செலுத்துகிறேன்" என்பது கடன் பத்திரம் மாதிரி.

பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் என்ன நினைக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 மே 5இல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் பாலிகிராஃப், நார்கோ (மருந்து கொடுத்துப் பேசவைப்பது), மூளைப் பதிவுச் சோதனைகள் செய்வது அரசியல் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பானது. சம்மதித்தாலும் அது மாஜிஸ்திரேட் முன்னால் பதிவாக வேண்டும், கூட வக்கீல் இருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் வகுத்த விதிமுறைகளைக் கோர்ட் ஏற்றது. மெஷின் வைத்துச் செய்வதற்கே இவ்வளவு. சிவப்புப் பேனாவுக்கு எந்த மரியாதையும் இல்லை.

செய்ய வேண்டியது: நீங்கள் எழுதிய முதல் தாளின் நகலைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். "பணம் குறைந்ததைப் பற்றி முழுக் கணக்குச் சோதனைக்கு ஒத்துழைக்கத் தயார், போலீஸில் புகார் கொடுப்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று முதலாளிக்கு ஒரு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். தரவில்லை என்றால் பதிவுத் தபால். வேலையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது என்பது தனி விஷயம், அதைத் தனிச் செய்தியில் பேசலாம்.

---

சும்மா_சொல்றேன் எழுதியது:

சரி, நான் சொன்னது தப்புதான். ஆனால் மாமா நிஜமாகவே பிடிப்பார்.

---

பழைய_ரைட்டர் எழுதியது:

உங்கள் மாமா பிடித்ததை எல்லோரிடமும் சொல்லியிருப்பார் தம்பி. பிடிக்காமல் விட்டதை அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும் அப்படித்தான்.

---

பாத்திரக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திங்கள்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. வக்கீல் மேடம் சொன்ன மாதிரி கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். வீட்டுக்காரரும் கூட வந்து வாசலில் நின்றார். முதலாளி படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. துப்பறியும் ஆள், "பாருங்கள், இதிலும் நான் எடுக்கவில்லை என்று இல்லை" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சார், நீங்கள் வவுச்சர் கட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். பார்க்கவில்லை.

ரைட்டர் ஐயா, நீங்கள் கேட்ட கேள்விகளை ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். சலான் அடிக்கட்டை சரியாக இருந்தது. எண்ணி வைத்த இருப்பு என் நோட்டில் நோட்டு வாரியாக இருந்தது. அப்புறம் 4.15, 4.45. அதை நானே யோசித்தேன். அண்ணாச்சி முதலில் 4.15க்குக் கிளம்பினார், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார், மறுபடி 4.45க்குப் போனார். அதனால்தான் அடித்து எழுதியிருக்கிறேன். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று நான் முதலாளியைக் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் அவரே, "லாரி ஆபீஸ்காரன் வந்து நின்றான்ல" என்று மெதுவாகச் சொன்னார். 62,000 ரூபாய் பாக்கியைக் கல்லாவிலிருந்து எடுத்து லாரி ஆபீசுக்குக் கொடுத்திருக்கிறார். வவுச்சர் போடவில்லை. நான் அப்போது உள்ளே ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மீதி 83,000 இன்னும் கிடைக்கவில்லை. ஆடிட்டரை வரவழைத்து மூன்று மாதக் கணக்கையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் சாவி யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு எனக்கும் சரியான பதில் இல்லை. ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். எல்லோருக்கும் தெரியும். இனிமேல் மாட்ட மாட்டேன்.

துப்பறியும் ஆளுக்குப் பேசின பணத்தில் பாதி கொடுத்து அனுப்பினார்களாம். முதல் தாளின் நகல் கேட்டேன். முதலாளி குடோன் பையனை அனுப்பி ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். அதற்கான 2 ரூபாய்க்கு வவுச்சர் போடச் சொன்னார்.